ஜவானுக்குக் கடல் ஸ்நானம்

நாயைக் கடலில் குளிப்பாட்டப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்த குடும்பம் எங்களுடையது. சிரிக்காதீர்கள். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், எதற்கெல்லாம் நாள் பார்த்தோம் என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசலாம். தலைக்கு எண்ணெய் வைக்க நாள், புதுப்புடவை கட்ட நாள், ஊருக்குக் கிளம்ப நாள், கிளம்பும்போது யாராவது தும்மிவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர். அந்த வரிசையில் எங்கள் வீட்டில் நாயும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மாம்பலத்துக்கு மின்சார ரயில் வந்து புதிது. ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடத்தில் அப்பா ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு மயிலாப்பூரை விட்டுக் குடிவந்தார். எதிர்மனை காலி, பக்கத்து மனை காலி, பின்னால் ஒரே சப்பாத்திக்கள்ளி. பொழுது சாய்ந்தால் நரி ஊளையிடும். மழை பெய்தால் அந்த ஏரிக்குத் தான் ஏரி என்பது ஞாபகம் வந்துவிடும். வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், தவளைகள் கத்தித் தீர்த்துவிடும். அப்படி ஒரு மழையில்தான் எங்கள் வீட்டுச் செங்கல் குவியலுக்குள் ஒரு செம்பட்டை நாய்க்குட்டி வந்து ஒண்டிக்கொண்டது. அக்கா அதற்கு ஜவான் என்று பெயர் வைத்தாள். காவலுக்கு ஆகட்டும் என்று அப்பாவும் சம்மதித்தார்.

ஜவான் காத்த காவலைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒருநாள் கொல்லைப்புறமாக வந்த திருடன் எங்கள் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனான். ஜவான் ஒரு குரல்கூடக் குரைக்காமல் தெருமுனை வரை அவனோடு கூடவே போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பியது. செங்கல் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வீட்டு நாயே கூடப் போகிறதே, ஈயம் பூசத்தான் எடுத்துப் போகிறான் என்று நினைத்தார்களாம். அப்பாவுக்கு அந்த அண்டாவின் கோபம் கடைசிவரை ஆறவில்லை. எனக்கும் அக்காவுக்கும் அது திருடனையே சிநேகம் பிடித்துக்கொண்ட நாய். அதைவிட என்ன வேண்டும்?

அந்த வருஷம் அம்மா பிரசவத்துக்குக் கும்பகோணம் போயிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பிறகு, கோயில் கோயிலாகச் சுற்றிவந்து பிறந்த பிள்ளை. மார்கழிப் பிறப்பில் தந்தி வந்தது. அப்பா தந்திச் சேவகனுக்குச் சர்க்கரையைக் கையில் அள்ளிக் கொடுத்துவிட்டு, தலைப்பாகை இல்லாமலே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள விழுப்புரத்திலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, வந்திருந்தாள். அத்திம்பேருக்கு ரயில்வேயில் ஊர் ஊராக டூட்டி. ஆகையால் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் அத்தைதான்.

தந்தி வந்த அதே வாரத்தில் ஜவானுக்குக் காதோரம் முடி உதிர ஆரம்பித்தது. பிறகு முழங்கால், பிறகு வாலடி. உட்கார்ந்த இடத்தில் சொறிந்துகொண்டே இருக்கும். சொறியும்போது அதன் கால் தரையில் மோதுகிற டக் டக் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். அத்தை வேப்பெண்ணெயைக் குச்சியில் துணி சுற்றித் தடவினாள். அரைகுறையாகப் படும், மீதியை அது எங்கள் வாசல் சுவரில் தேய்த்துவிட்டு வரும். சுண்ணாம்புச் சுவரில் அந்த எண்ணெய்க் கறை எத்தனையோ தீபாவளிக்கு வெள்ளையடித்தும் போகவில்லை.

அப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவியபடியே தீர்ப்புச் சொன்னார்.

“மாசியில பச்சைக் குழந்தை வரது. அதுக்குள்ள இந்தச் சொறி போகலேன்னா நாய் போகணும். நாய்வண்டி வரச்சே பிடிச்சுக் குடுத்துட வேண்டியதுதான்.”

நாய்வண்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சக்கரம் வைத்த கூண்டு. அது வரும்போது தெருவில் உள்ள நாயெல்லாம் குரைக்கும். கூண்டுக்குள் இருக்கும் நாய்கள் மட்டும் குரைக்காது. எனக்கு அதுதான் பயம். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டுவிட்டு அழுதேன்.

இந்த நிலைமையில்தான் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணா. கோர்ட் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் தனியாக இருந்தார். பெரியம்மா காலமாகி வெகுநாள். பிள்ளை குட்டி கிடையாது. தானே சமைத்துத் தானே சாப்பிடுகிறவர். ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம். குளித்து மடி உடுத்திவிட்டார் என்றால் காற்று மேலே படுவதற்கே அனுமதி கேட்க வேண்டும். ஜவானைக் கண்டால் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சுற்றி வருவார். எனக்கு அவரைப் பார்த்தால் நடுக்கம். அக்காவுக்கு இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயசு, வாய் மட்டும் நாற்பது வயசு.

பெரியப்பா எட்ட நின்று நாயைப் பார்த்தார். “சொறிக்குச் சமுத்திர ஜலத்தை மிஞ்சின மருந்து கிடையாது. ஒரு நாள் பூரா முக்கி முக்கி எடுத்தா, உப்பு எல்லாத்தையும் தின்னுடும்” என்றார்.

“நாளைக்கே போகலாமா பெரியப்பா?” என்று குதித்தாள் அக்கா.

“நாளைக்கா? சமுத்திரத்தை நெனச்ச நாள்ல தொடப்படாது. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம், அப்போதான் தொடலாம். அதுவும் செவ்வாய் வெள்ளின்னா கூடாது.”

“அதெல்லாம் நமக்கு. நாய்க்கு என்ன பெரியப்பா அமாவாசை?”

“நாய்க்கு இல்லை. அதைத் தண்ணியில இறக்கப் போறவா யாரு? நீதானே? உனக்கு உண்டே!”

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி அன்றுதான் பார்த்தேன். பெரியப்பா அத்தையிடம், “இவளை லா படிக்க வைக்கலாம். ஆனா மொதக் கேஸ்லயே தோத்துட்டா” என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். மார்கழி அமாவாசை வெள்ளிக்கிழமை. சரி, பௌர்ணமி? அதுவும் வெள்ளிக்கிழமையாக வந்து தொலைத்தது. தை அமாவாசை ஞாயிறு. அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

ஒரு நாய் நாளுக்கு நாள் தோல் உரிந்துகொண்டு நிற்கிறது. கடல் இதோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. படித்தவர்கள், பெரியவர்கள், எல்லாரும் நாலு விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்! இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அப்போது யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அப்பாவும் மறுக்கவில்லை. அண்ணா பேச்சை மீறி மாம்பலத்தில் வீடு கட்டியாயிற்று, ஒரு ஜென்மத்துக்கு அந்த ஒரு மீறல் போதும் என்று நினைத்திருப்பார். தை அமாவாசை வரைக்கும் நாய்வண்டி கிடையாது என்று எங்களுக்கு வாக்குக் கொடுத்தார். எங்களுக்கு அதுவே பெரிது.

திட்டம் போட ஆரம்பித்தோம். ஐயோ, அந்தத் திட்டம்! எங்கள் வீட்டில் பிற்பாடு நடந்த கல்யாணங்களுக்குக்கூட அத்தனை யோசனை பண்ணியதில்லை.

முதலில், எந்தக் கடற்கரை? மயிலாப்பூர்ப் பக்கம் போனால் தெரிந்த முகமாக இருக்கும், சொறிநாயோடு எப்படி நிற்பது என்று அப்பாவுக்குக் கூச்சம். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனால் மனுஷ நடமாட்டமே இருக்காது என்றார். பெரியப்பாவும் அடையாறுதான் சரி என்று உடனே தலையை ஆட்டினார். ஏன் சரி என்று அவர் சொல்லவில்லை, அப்பா கேட்கவுமில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே இடத்தைச் சொன்னதில் எங்களுக்கெல்லாம் ஏக சந்தோஷம்.

அடுத்தது வண்டி. ஜட்காக்காரர் நாய் என்றதும் குதிரையைத் தட்டிக்கொண்டு போயே போய்விட்டார். கடைசியில் எதிர்மனைக்குச் செங்கல் ஏற்றிவரும் மாட்டு வண்டிக்காரரை அப்பா பிடித்தார்.

“இன்னா சாமி, நாயும் வர்தா? மாடு மெர்ளும் சாமி. அப்பால வண்டி கவுந்துகினா என்னியக் கேக்காத.”

“மெரளாம நான் பாத்துக்கறேன்” என்று அக்கா முன்னால் வந்தாள். அன்று முதல் தினமும் சாயங்காலம் வண்டி அவிழ்த்த பிறகு, ஒரு கையில் பிண்ணாக்கும் ஒரு கையில் ஜவானின் கயிறுமாக மாட்டுக்கு எதிரே போய் நிற்பாள். மாடு பிண்ணாக்கைத் தின்னும், நாயைப் பார்க்கும், பெருமூச்சு விடும். கொஞ்ச நாளில் ஜவான் அந்த மாட்டின் வயிற்றுக்கடியிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. வண்டிக்காரர், “இத்தப் பார்றா, என்னியவிட அதுங்க ரெண்டும் தோஸ்தாயிகினு கீது” என்று சிரித்து, சரி சொல்லிவிட்டார்.

அப்புறம் சாப்பாடு. நானும் அக்காவும் புளியோதரையும் தயிர்சாதமும் வாழையிலையில் கட்டி எடுத்துப்போகிற கனவில் இருந்தோம். அத்தை இடி மாதிரி ஒன்றைப் போட்டாள். நாய் ஏறுகிற வண்டியில் சாதம் ஏறாது. அதோடு அமாவாசை வேறு. அப்பாவும் பெரியப்பாவும் தர்ப்பணம் முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், முடித்த பிறகு வீட்டுக்கு வந்துதான் சாப்பாடு. ஆக, யாருமே சாப்பிட முடியாத ஒரு நாளாகப் பார்த்துக் கடற்கரைக்குக் கிளம்புகிறோம்! சின்னவர்களுக்கு மட்டும் அவல், வெல்லம், தேங்காய்க் கீற்று, ரஸ்தாளிப் பழம், பொரிவிளங்காய் உருண்டை என்று அத்தை சமாதானம் பண்ணினாள். அந்த உருண்டையை நீங்கள் தின்றிருப்பீர்கள். கதவிடுக்கில் வைத்து உடைக்க வேண்டும்.

குடிதண்ணீருக்கு அத்தையின் கூஜா. கல்யாணத்தில் அவளுக்குக் கொடுத்த பித்தளைக் கூஜா அது. திருகு மூடி, மூடிக்கு மேல் குட்டியாக ஒரு மயில். வெட்டிவேர் போட்டு வைத்த தண்ணீர் அதில் ஜில்லென்று இருக்கும். அத்தை ரயிலில் எங்கே போனாலும் அது அவள் மடியில்தான் உட்கார்ந்து போகும்.

மிச்சம் இருந்தது ஜவானுக்கு அலையைப் பழக்குவது. கிணற்றடியில் அக்கா கடலாக நின்றாள். நான் முறத்தை வைத்துக்கொண்டு அலை. “வரது, வரது, பெரிய அலை வரது!” என்று கத்திக்கொண்டே வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவோம். ஜவான் அலையை நக்கிக் குடித்துவிட்டு, கடலின் பாவாடையைப் பிடித்து இழுக்கும். நனைந்த நாய் வாசனையும் வேப்பெண்ணெயும் சேர்ந்து எங்கள் மேல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு, “மூணும் அங்கேயே நில்லுங்கோ, உள்ள வராதேங்கோ” என்று வெந்நீர் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டுவாள்.

நடுவில் சொறி நின்றதா என்றால், எங்கே நின்றது? தை பிறந்தபோது முதுகில் பாதி வெறும் தோல். இடுக்கெல்லாம் ரத்தக் கசிவு. சாயங்காலமானால் நானும் அக்காவும் மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பார்ப்போம். தேயத் தேய எங்களுக்குச் சந்தோஷம். “இன்னும் கொஞ்சம்டா ஜவான், பொறுத்துக்கோ” என்று அக்கா மேலே இருந்தபடியே அதற்குச் சொல்வாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

தை அமாவாசையன்று விடிவதற்கு முன்பே வண்டி கட்டியாயிற்று. பின்னால் வைக்கோலும் சாக்கும் போட்டு ஜவான். நடுவில் எல்லைக்கோடாக ஒரு மணைப்பலகை. அதற்கு இந்தப்புறம் நானும் அக்காவும். வண்டிக்காரருக்குப் பக்கத்தில் அத்தை, கூஜாவும் அவல் கூடையுமாக. அப்பா மடியாக வருவதால் வண்டியில் ஏறாமல், ஈர வேஷ்டியோடு முன்னால் நடந்தார். பெரியப்பா மயிலாப்பூரிலிருந்து நேரே நடந்து வந்துவிடுவதாக ஏற்பாடு. மாம்பலத்தைத் தாண்டும்போது பனி விலக ஆரம்பித்தது. அடையாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது கீழே சேற்றில் கொக்குகள் நின்றன. உப்பும் சேறும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஜவான் எழுந்து மணைமேல் முன்காலை வைத்தது. காது இரண்டும் விறைத்துக்கொண்டன. அத்தை பார்த்தாள், அவல் கூடையை மட்டும் முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

பெரிய பெரிய மரத் தோப்புகளைத் தாண்டி, சவுக்கு ஆரம்பித்து, மணலில் சக்கரம் புதைந்தது. “இதுக்கு மேல மாடு வராது சாமி” என்று வண்டிக்காரர் அவிழ்த்துவிட்டார். மணல்மேட்டில் ஏறிப் பார்த்தோம். அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

முகத்துவாரம் முழுக்கத் தலைகள்! ஆறும் கடலும் சேருகிற இடத்தில் தை அமாவாசைத் தர்ப்பணம் என்றால் எத்தனையோ மடங்கு புண்ணியமாம். மயிலாப்பூரே தர்ப்பணம் பண்ணிவைக்கிற வாத்தியார்களோடு அங்கே வந்து வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது. பெரியப்பா அடையாறு சரி என்று தலையாட்டியது அதற்குத்தான். ஆள் இருக்காது என்று அப்பா தேர்ந்தெடுத்த இடத்தை, ஊரே இருக்கும் என்று பெரியப்பா தேர்ந்தெடுத்திருந்தார். அதுவும் நாயைக் கழுவ!

குப்பத்திலிருந்து கூடையோடு வந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். “இன்னா பாப்பா, நாயி யாருக்குத் தர்ப்பணம் குடுக்க வந்துகீது?”

அப்பா முகம் சிவந்துபோயிற்று. எங்களைக் கூட்டத்திலிருந்து தள்ளி, தெற்கே ஒரு கட்டுமரத்தின் பக்கம் நிறுத்திவிட்டு, “நாங்க முடிச்சுண்டு வரோம். அது வரைக்கும் கயித்தை விடாதே” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பெரியப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அக்காவா காத்திருப்பாள்? வருஷம் மாதிரி நீண்ட ஒரு மாசத்தைக் காத்து முடித்தவள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜவானை இழுத்தாள். அது முதலில் அலையைப் பார்த்துக் குரைத்தது. அலை திரும்பிப் போனதும் தான்தான் விரட்டியதாக நினைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது. நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அடுத்த அலை பெரிதாக வந்து அதை முழுக்க மூடிற்று.

அப்புறம் அது கத்தியது பாருங்கள், அதை எப்படிச் சொல்வேன்? நாய் கத்துவது மாதிரியே இல்லை. புண்ணெல்லாம் உப்புத் தண்ணீர். உடம்பை முறுக்கிக் கழுத்துக் கயிற்றிலிருந்து தலையை உருவிக்கொண்டு, கண்மண் தெரியாமல் ஓடியது. எங்கே? நேரே தர்ப்பண வரிசைக்குள். எள், தண்ணீர், தர்ப்பை எல்லாம் தெறிக்க, நாலு பேரைத் தாண்டிப் போய், பெரியப்பாவின் முழங்கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டது. அத்தனை பேர் இருக்க அவரிடம் ஏன் போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஞாயிறு ஞாயிறு பார்த்த முகம் என்பதாக இருக்கலாம்.

“அடிச்சுத் தள்ளுங்கோ! சொறிநாய்! சொறிநாய்!” என்று கூச்சல். ஒரு வாத்தியார் விறகுக்கட்டையைத் தூக்கிவிட்டார். அப்பா எழுந்தவர் எழுந்தபடி நின்றார். அக்கா ஓடிப்போய்க் கூட்டத்துக்கு வெளியே நின்று, “அடிக்காதேங்கோ, எங்க நாய், அடிக்காதேங்கோ” என்று அலறினாள்.

பெரியப்பா விரலில் இருந்த தர்ப்பைப் பவித்திரத்தைக் கழற்றி மணலில் வைத்தார். குனிந்து இரண்டு கையாலும் ஜவானைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். விறகுக்கட்டை வைத்திருந்தவர் பின்வாங்கினார்.

“யாரும் கை வைக்க வேண்டாம். உங்களுக்குத் தடங்கல் பண்ணினதுக்கு மன்னிக்கணும்.”

எங்களிடம் வந்தார். நாயின் முதுகை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. “ஐயையோ, சதை தெரியறதேடி! இதையா உப்புத் தண்ணியில முக்கச் சொன்னேன்? நல்ல தண்ணி கொண்டா, நல்ல தண்ணி!”

அத்தை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கூஜாவின் மூடியைத் திருகித் திறந்து அப்படியே கொடுத்தாள். வெட்டிவேர்த் தண்ணீர் முழுவதையும் பெரியப்பா ஜவானின் முதுகில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி உப்பைக் கழுவினார். “ஒண்ணுமில்லைடா, ஒண்ணுமில்லை, ஆச்சு, ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். அது நடுங்கிக்கொண்டு அவர் தாடையை நக்கியது. நாங்கள் எல்லாரும் நாயையே பார்த்துக்கொண்டிருந்ததில், மணலில் வைத்த கூஜாவை அலை எப்போது கொண்டுபோயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. மயில் மூடி மட்டும் அத்தை கையில் இருந்தது. அதைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மட்டுமில்லை, என்றைக்குமே பேசவில்லை. என் அத்தை மாதிரி மனுஷி எங்கே கிடைப்பாள்?

பெரியப்பா மறுபடி கடலில் முழுகிவிட்டு, தர்ப்பணத்தை முதலிலிருந்து பண்ணினார். கூட்டம் கலைந்து, வெயில் ஏறி, வாத்தியார்கள் போய், வெறும் மணலில் தனியாக உட்கார்ந்து மந்திரத்தைத் தானே சொல்லிக்கொண்டு பண்ணினார். நாங்கள் கட்டுமர நிழலில் காத்திருந்தோம். முடித்து வந்தவர், “கயித்தைக் குடு” என்று அக்காவிடம் கையை நீட்டினார்.

“எங்க கூட்டிண்டு போறேள் அண்ணா?” என்றார் அப்பா.

“என்னோட வரட்டும். என் வைத்தியத்துலதானே இப்படி ஆச்சு.”

“உங்க ஆத்துலயா? மயிலாப்பூர்ல என்ன பேசுவா?”

“பேசறதை நான் கேட்டுக்கறேன். நீ குழந்தையைப் பாரு.”

ஈர வேஷ்டி, நெற்றியில் விபூதி, கையில் நாய்க்கயிறு. பாலத்தின் மேல் அவர் எங்கள் வண்டிக்கு முன்னால் நடந்துபோனார். எதிரே வந்தவர்கள் நின்று நின்று பார்த்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போய்ப் பார்த்ததுதான். வேப்பேரியில் மாட்டு டாக்டர் ஒருவரிடம் பெரியப்பா ஜவானைக் கை ரிக்‌ஷாவில் வைத்துக் கூட்டிப்போயிருந்தார். மஞ்சளாக ஒரு களிம்பு, கந்தக நாற்றம். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம், குச்சியால் இல்லை, விரலால் இடுக்கெல்லாம் தடவுவார். தடவி முடித்ததும் கிணற்றடியில் தலைமுழுக்கு. தை மாசிக் குளிர். இருமுவார். மறுவேளைக்கு மறுபடி தடவுவார், மறுபடி முழுகுவார். ஆசாரத்தை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. ஆசாரத்தையும் விடவில்லை, நாயையும் விடவில்லை, நடுவில் தன் உடம்பைப் போட்டார்.

இன்னொன்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. சிராத்தத்துக்குச் சாப்பிட அவரைத்தான் மயிலாப்பூரில் தேடிவந்து கூப்பிடுவார்கள். அவ்வளவு சுத்தம் என்று பெயர். அந்த வருஷம் ஒருவரும் கூப்பிடவில்லை. எங்களுக்கு அப்போது தெரிந்ததெல்லாம், பெரியப்பா எப்போது போனாலும் வீட்டிலேயே இருக்கிறார் என்பதுதான். நாங்கள் அதற்கும் சந்தோஷப்பட்டோம்.

மாசியில் அம்மா தம்பியோடு வந்தாள். பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் அன்று மேளச் சத்தத்துக்குப் பயந்து ஜவான் பெரியப்பாவின் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டதாம். கொல்லையில் கட்டியிருந்த நாய் கட்டிலுக்கடியில் எப்படி வந்தது என்று அத்தை கேட்டதற்கு, “மழை பெஞ்சுது” என்றார் பெரியப்பா. பங்குனியில் எங்கே மழை?

திருவிழா முடிந்த மறு ஞாயிறு, காலை வெயிலில், எங்கள் தெருமுனையில் ஜவான். உடம்பு முழுக்கப் புது முடி, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுப்பு. அதன் பின்னால் பெரியப்பா, மயிலாப்பூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். அப்பா வாசலுக்கு வந்து நாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காதை மடக்கிப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, “சரி, இருக்கட்டும்” என்றார். அந்த இரண்டு வார்த்தைக்காக நாங்கள் கும்பிடாத சாமி இல்லை.

அக்கா ஜவானைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அது அவள் கையில் இருந்தபடியே தலையைத் திருப்பிப் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா வாய்க்காரிதான், கண்ணும் அவளுக்கு உண்டு. மெல்லக் கையை எடுத்தாள்.

“பெரியப்பா, நீங்களே வெச்சுக்கோங்களேன்.”

“அசடு. உங்க நாய்டி. நான் தனிக்கட்டை, எனக்கெதுக்கு?” என்று சொல்லிவிட்டு அவர் படியில் உட்கார்ந்தார்.

அம்மா அவரிடம் நேரே பேசமாட்டாள், கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம்தான் சொல்வாள். “பெரியப்பாகிட்ட சொல்லு, கிணத்தடியில தண்ணி எடுத்து வெச்சிருக்கு, புது வேஷ்டியும் இருக்குன்னு.”

நான் சொல்வதற்குள் ஜவான் போய் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. பெரியப்பா காலை நகர்த்தவில்லை. “குளிக்கறதுக்கு என்ன இப்போ. காபி இருந்தா குடுக்கச் சொல்லு” என்றார்.

அத்தையும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தைதான் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கையால் டம்ளரைத் தூக்கிக் குடித்தார், இன்னொரு கை ஜவானின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தது. மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

நன்றி என்று வாயால் சொல்கிற பழக்கம் நம் வீடுகளில் கிடையாது. நமஸ்காரம் பண்ணுவோம், அவ்வளவுதான். ஜவான் அதன் பிறகு எங்கள் வீட்டில் தம்பியோடு கூடவே வளர்ந்தது. அவன் நடை பழகியது அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான். அந்த வருஷங்களைக் கொடுத்தவர் பெரியப்பா. கொடுத்தாரே, என்ன ஒரு கொடுப்பு! நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் எழுந்தார். கூடவே கிளம்பிய ஜவானை, “இரு, இங்கேயே இரு” என்று சொல்லி, கயிற்றை அக்கா கையில் கொடுத்தார். பிறகு வேஷ்டியில் ஒட்டியிருந்த செம்பட்டை முடியைத் தட்டிவிடாமலே மயிலாப்பூருக்கு நடந்தார்.